வடிகட்டி சாமியும் சூடான ஆயிலும்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் பழைய பெயின்ட் கிடங்கின் வாசலில் முந்நூறு மோட்டார் சைக்கிளுக்குக் குறையாமல் நின்றன. அத்தனை வண்டிகளிலும் ஆறு மாதமாக ஒரே ஆயில். மாற்றவில்லை. மாற்றப் போவதும் இல்லை. அதுதான் அவர்களுடைய பெருமை!

வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். டப்பாவுக்குள், வண்டியிலிருந்து கொஞ்சம் வடித்த, தாராய்க் கறுத்த ஆயில். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு பயபக்தியோடு வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை.

கிடங்குக்குள் வீற்றிருந்தவர் வடிகட்டி சாமி.

அவர் எங்கிருந்து வந்தார், முன்பு என்ன தொழில் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பிடிப்பதென்றால் ஊர், பேர், முன்பு அடித்த சுவர் எது என்று துருவித் துருவிக் கேட்பவர்கள் எங்கள் ஆட்கள். சாமி என்று சொல்லிக்கொண்டு வந்தால் மட்டும் வாய் தானாக மூடிக்கொள்ளும். பை தானாகத் திறந்துகொள்ளும்.

முழங்கால் வரை தொங்கும் வெள்ளை ஜிப்பா. கழுத்தில் சங்கிலி, சங்கிலியில் ஒரு ஸ்பார்க் பிளக். "எனக்குக் குடும்பம் இல்லை, உறவு இல்லை. இன்ஜின்களே என் பிள்ளைகள்" என்பார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் பெரிய மீசை வைத்த பருத்த ஆள் ஒருவர் எப்போதும் கைகட்டி நிற்பார். அவர் முதல் சீடராம். மௌன விரதமாம். எனவே பேசமாட்டார்.

சாமி விற்றது ஆயில் பில்டர். இன்ஜினுக்குள் ஓடும் ஆயிலில் சேருகிற இரும்புத் துகளையும் அழுக்கையும் பிடித்து வைக்கிற சிறு வடிகட்டி அது. வழக்கமாகக் காகிதத்தில் இருக்கும். ஆயில் மாற்றும்போது அதையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுவார்கள். எஃகு வலையில் செய்த இன்னொரு வகையும் உண்டு. கழற்றிக் கழுவி, மறுபடி மாட்டிக்கொள்ளலாம். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. உதிரிபாகக் கடையில் கிடைக்கிற சரக்கு.

சாமி தம்முடைய பில்டருக்கு 'அட்சய வடிகட்டி' என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த மறுநிமிடம் விலை பத்து மடங்கு ஏறியது.

"இதைப் போட்டால் ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம். ஆயிலே அழியாது. மாதம் ஒருமுறை இங்கே கொண்டுவாருங்கள். நான் மூன்று முறை ஊதித் தருகிறேன். நீங்களாகக் கழுவாதீர்கள். கை பட்டால் சக்தி போய்விடும்!"

கழுவிப் போடுவதற்கென்றே செய்த பொருளைக் கழுவாதே என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார் மூன்று வாங்கினார். நான் ஒன்று வாங்கினேன். என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? என்னிடம் மோட்டார் சைக்கிள் கிடையாதுதான். நாளைக்கு வாங்கினால் தேவைப்படுமே!

வாரத்துக்கு மூன்று பேருக்குச் சாமி அற்புதம் காட்டுவார். மேடைமேல் இடுப்பளவு உயரத்தில் ஓர் எவர்சில்வர் டிரம். அதன் வாயில் அட்சய வடிகட்டி பொருத்தியிருக்கும். அடியில் ஒரு குழாய். பக்தர் கறுத்த ஆயிலை மேலே ஊற்றுவார். சாமி ஸ்பார்க் பிளக்கைத் தொட்டுக்கொண்டு முணுமுணுப்பார். குழாயைத் திறந்தால் தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி ஆயில் கொட்டும். கூட்டம் "ஆ!" என்று வாய் பிளக்கும். பிறகு திரை விழும். அடுத்த பக்தருக்குமுன் ஐந்து நிமிடம் மௌனம். டிரம் இளைப்பாற வேண்டுமாம்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. வண்டியிலிருந்து வடித்த ஆயிலை ஓர் இரவு ஆற வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். சூட்டோடு கொண்டுவந்தால் ஆயிலின் கோபம் அடங்கியிருக்காதாம்.

சரி, நம் வண்டியில் போட்ட அட்சய வடிகட்டி மட்டும் ஏன் ஆயிலைத் தேன் நிறமாக்கவில்லை? கறுப்பு கறுப்பாகவே இருக்கிறதே? இதற்கும் சாமியிடம் பதில் தயார்.

"அழுக்கிலேயே நுண்மையான அழுக்கு சந்தேகம். அதை மட்டும் எந்த வடிகட்டியும் பிடிக்காது."

பார்த்தீர்களா? பில்டர் வேலை செய்தால் சாமியின் சக்தி. செய்யாவிட்டால் உங்கள் சந்தேகம். இந்த வியாபாரத்தில் நஷ்டம் எப்படி வரும்?

எங்கள் தெருவில் ஒரு கூரியர்க்காரி உண்டு. காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினால் மாலை வரை நகரம் முழுக்கப் பார்சல் கொடுப்பாள். அவள் புருஷன் தையல்காரர். தங்கமான மனுஷன். யார் எதைச் சொன்னாலும் நம்புவார். அளவு கொடுக்க வந்தவன் "இனி நான் இளைச்சிடுவேன்" என்று சொன்னால், அதையும் நம்பி இரண்டு அங்குலம் குறைத்துத் தைத்துவிடுவார்.

அந்தத் தையல்காரர்தான் தம்பிக்கு ஓர் அட்சய வடிகட்டி வாங்கிக் கொடுத்தார். தம்பி வீடு வீடாகத் தண்ணீர்க் கேன் போடுகிறவன். ஐந்து மாதம் ஆயில் மாற்றாமல் ஓட்டினான். ஒரு வியாழக்கிழமை, பாலத்துச் சரிவில் இறங்கும்போது இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. தண்ணீர்க் கேன்கள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் பிடித்ததால் உயிர் மிஞ்சியது.

கூரியர்க்காரி கொழுந்தனைப் பார்க்க ஓடினாள். கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கையைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் சாய்ந்திருந்தான்.

"எப்படி தம்பி ஆச்சு?"

"எல்லாம் என் தப்புதான் அண்ணி."

"வேகமா போனியா?"

"இல்ல அண்ணி. அன்னைக்குக் காலைல வண்டியை எடுக்கும்போது, 'இன்ஜின் சத்தம் ஒரு மாதிரி இருக்கே'ன்னு ஒரு செகண்ட் நினைச்சேன். சந்தேகப்பட்டுட்டேன். அதான் கவுத்துடுச்சு."

கூரியர்க்காரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எலும்பு முறிந்தவனே குற்றத்தையும் ஏற்றுக்கொண்டு, சாமிக்கு மன்னிப்புக் கடிதம் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தான். இடது கையால் எழுத வராதாம்!

"அந்த ஒரு செகண்ட்தான் தம்பி நீ ஒழுங்கா யோசிச்ச நேரம்" என்றாள் அவள். "அதை இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தா விழுந்திருக்க மாட்டே."

வீட்டுக்கு வந்தால் புருஷன் முகமெல்லாம் மலர்ச்சியாக நின்றார்.

"உனக்கும் ஒண்ணு வாங்கிட்டேன்மா! நாளைக்குக் காலைல உன் வண்டியில போட்டுடலாம்."

"உங்க தம்பி படுத்திருக்கிற படுக்கை பெருசு. பக்கத்துல எனக்கும் இடம் இருக்கும். அதுக்காகவா?"

"அபசகுனமா பேசாதே. அவன் சந்தேகப்பட்டான்..."

கொழுந்தன் வண்டியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பில்டரை அவள் டீசலில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தாள். பசை போல் அடைத்திருந்த கசடு கரைந்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இங்க வந்து பாருங்க. என்ன தெரியுது?"

தையல்காரர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "எதிர்வீட்டுச் சுவர் தெரியுது. சுவர்ல விளம்பரம் தெரியுது. 'பல் வலியா'ன்னு எழுதியிருக்கு."

"பில்டர் வழியா எழுத்தைப் படிச்சா, அது பில்டரா? டீ வடிகட்டுற வலைங்க இது. ஓரத்துல ஒட்டுகூட விட்டுப்போயிருக்கு."

அதோடு விடவில்லை. துணியில் கோடு போட அவர் வைத்திருந்த சாக்பீஸை எடுத்துத் தூளாகச் சுரண்டி, சமையல் எண்ணெயில் கலக்கி, பில்டர் வழியாக ஊற்றினாள். மேலே போன தூள் அத்தனையும் கீழே கிண்ணத்தில் இறங்கிப் படிந்தது. தையல்காரர் கிண்ணத்தைப் பார்த்தார், பில்டரைப் பார்த்தார், மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார்.

"சாக்பீஸ் தூளையே பிடிக்கல..." என்றார் மெதுவாக. "ஆனா நான் என் கண்ணால பார்த்தேனேம்மா. கறுப்பு ஆயிலை ஊத்துனாங்க, தேன் மாதிரி வந்துச்சே?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். சூடா கொண்டுவரக் கூடாதுங்கறார். ஒருத்தர் ஊத்துனதும் அடுத்தவர் உடனே ஊத்தக் கூடாதுங்கறார். ஆயிலுக்குக் கோபமாம், டிரம்முக்குக் களைப்பாம். இது ரெண்டையும் சேர்த்து வச்சு யோசிங்க."

தையல்காரர் யோசித்தார். பழக்கம் இல்லாததால் நெற்றியில் வியர்த்தது. திடீரென்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அடப்பாவி! சட்டைக்கு உள்துணி வச்சுத் தைக்கிற மாதிரி, டிரம்முக்குள்ள இன்னொரு டிரம்மா?"

"இப்பதான் என் புருஷன்" என்றாள் கூரியர்க்காரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கிடங்கு நிரம்பி வழிந்தது. கூரியர்க்காரி பதினொரு மணி வரை பார்சல் கொடுத்துவிட்டு நேராக வந்து வாசலில் வண்டியை நிறுத்தினாள். இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் இருந்த நட்டை ஸ்பேனரால் கழற்றி, ஆயிலை ஒரு டப்பாவில் பிடித்து மூடி, புருஷன் கொண்டுவந்த கனத்த துணியால் சுற்றிக்கொண்டாள். தம்பியின் வண்டியிலிருந்து வடித்த ஆயிலைத் தையல்காரர் இன்னொரு டப்பாவில் வைத்திருந்தார். அவருக்குப் பயம்தான். ஆனாலும் வந்தார்.

மேடை அருகே போய் அவள் உரக்கச் சொன்னாள்: "சாமி! என் கொழுந்தன் சந்தேகப்பட்டு விழுந்துட்டான். எங்க வீட்டுப் பாவம் தீரணும். எங்க ஆயிலைத்தான் முதல்ல எடுத்துக்கணும்!"

சாமிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை குளிர்ந்துவிட்டது. காசில்லாமல் இப்படி ஒரு விளம்பரமா?

"வா மகளே. ஆறிய ஆயில்தானே?"

"என்ன சாமி என்னைப் போய் கேக்கறீங்க? இன்ஜினோட மனசே உங்களுக்குத் தெரியும்னு சொல்றாங்க. டப்பாக்குள்ள இருக்கிறது தெரியாதா?"

கூட்டம் சாமியைப் பார்த்தது. சாமி வேறு வழியில்லாமல் கண்ணை மூடினார். டப்பாவை நோக்கிக் கையை நீட்டினார். தொடவில்லை. தொட்டிருந்தால் கதை வேறு.

"சாந்தமான ஆயில்" என்று அருளினார். "ஊற்று!"

துணியைப் பிரித்து அவள் ஊற்றினாள். ஆவி எழுந்தது. சாமியின் புருவமும் எழுந்தது. ஆனால் முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்ய? முணுமுணுத்தார். முதல் சீடர் குழாயைத் திறந்தார். தேன் நிற ஆயில் கொட்டியது. "ஆ!"

"வாத்தியார் சார், இப்படி வாங்க" என்று கூப்பிட்டாள் கூரியர்க்காரி. கணக்கு வாத்தியார் முன்வரிசையில்தான் இருந்தார். "வந்த ஆயில்ல விரலை வையுங்க."

வாத்தியார் வைத்தார். "ஜில்லுன்னு இருக்கும்மா. ஆகா!"

"இப்ப அதே கையை டிரம்மோட மேல்பக்கம் வையுங்க."

வாத்தியார் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். "ஐயோ! சுடுது, சுடுது!"

"நான் ஊத்துனது இன்ஜின்லேர்ந்து இப்பத்தான் வடிச்ச கொதி ஆயில். சாமி சாந்தம்னு சொன்னாரே, அது. மேல ஊத்துனது மேலயே சூடா இருக்கு. கீழ வந்தது குளுகுளுன்னு இருக்கு. அப்படின்னா ரெண்டும் ஒரே ஆயிலா சார்?"

வாத்தியார் விரலை வாயில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். விடை வருவதற்குள் சாமி முந்திக்கொண்டார்.

"பார்த்தீர்களா என் சக்தியை! கறுப்பை நீக்கினேன். இன்று சூட்டையும் நீக்கினேன்!"

கை தட்டினார்கள். ஐயா, சத்தியமாகச் சொல்கிறேன், கை தட்டினார்கள்! ஓர் அற்புதம் பார்க்க வந்த இடத்தில் இரண்டு கிடைத்த சந்தோஷம். பக்கத்தில் இருந்த ஒருவர், "குடும்பத்தோட வந்திருக்கணும்" என்று வருத்தப்பட்டார். எதற்குத் தட்டுகிறேன் என்று தெரியாமலே நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டேன்.

கூரியர்க்காரி முகம் சுளிக்கவில்லை. "ரொம்ப சந்தோஷம் சாமி. அப்படின்னா இன்னொரு டப்பாவையும் குளிர வச்சிடுங்க. என்னங்க, ஊத்துங்க!"

சாமி "மௌனம்! மௌனம்!" என்று கத்தினார். திரைக் கயிற்றை இழுக்க முதல் சீடர் பாய்ந்தார். ஆனால் தையல்காரர் அதற்குள் டப்பாவைக் கவிழ்த்துவிட்டார். கத்தரிக்கோல் பிடித்த கை அல்லவா!

டிரம் ஒரு தடவை விக்கியது. பிறகு வாய் வழியே கறுப்பு ஆயில் குபுகுபுவென்று பொங்கி, வெள்ளை ஜிப்பாவின் மேல் வழிந்தது. அடியில் குழாய், தேன் நிறத்தில் நாலு சொட்டு விட்டு நின்றுபோனது. ஆறு மாத மௌன விரதம் அந்த நொடியில் உடைந்தது.

"அத்தான்! மேல் அறை ரொம்பிடுச்சு அத்தான்! நான் இன்னும் காலி பண்ணலையே!"

முந்நூறு பேரும் முதல் சீடரைப் பார்த்தார்கள். பிறகு உறவே இல்லாத சாமியைப் பார்த்தார்கள்.

"அத்தானா?" என்றார் கணக்கு வாத்தியார்.

"அக்காவுக்கு என்ன பதில் சொல்றது அத்தான்? அப்பவே சொன்னா, பெரிய டிரம்மா வாங்குன்னு!" என்று மச்சான் அழாத குறையாகப் புலம்பினார். ஆறு மாதப் பேச்சு சேர்ந்திருந்தது; நிறுத்த முடியவில்லை.

யாரோ சிரித்தார்கள். தொடர்ந்து இன்னொருவர். பிறகு கிடங்கே குலுங்கியது. சிரிப்பு ஓய்ந்ததும் கோபம் வந்தது. நாலைந்து பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேடையில் ஏறினார்கள். சாமி ஓடப் பார்த்தார். தம் ஆயிலிலேயே வழுக்கி உட்கார்ந்தார்.

"யாரும் கை வைக்காதீங்க!" என்று கூரியர்க்காரி குறுக்கே நின்றாள். "அடிச்சா அவருக்கு வலிக்கும், அவ்வளவுதான். உங்களுக்கு என்ன விளங்கும்? டிரம்மைத் திறந்து காட்டட்டும்."

சாமியே தம் கையால் திறந்து காட்டினார். வாய்க்கு நாலு விரல் கீழே ஒரு தகடு பற்றவைத்திருந்தது. மேலே உங்கள் கறுப்பு. கீழே, கடையில் வாங்கி ஊற்றிய புது ஆயில். சக்தி என்பது அந்தத் தகடு. யாரோ கூப்பிட்ட போலீஸ் வருவதற்குள் முந்நூறு பேரும் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். வழக்கம் விடவில்லை, வரிசையில் நின்றே பார்த்தார்கள்.

எலும்பு கூடியதும் கொழுந்தன் கைக்கட்டை அவிழ்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினான். இப்போது வண்டிச் சத்தம் ஒரு மாதிரி இருந்தால் உடனே ஓரமாக நிறுத்திவிடுகிறான். "சந்தேகம் வந்துடுச்சு அண்ணி" என்று போன் செய்கிறான், ஏதோ பரீட்சையில் பாஸானது மாதிரி.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! டிரம்மைத் திறந்து காட்டிய அடுத்த ஞாயிறு காலையே, கூரியர்க்காரி கதவைத் திறந்தாள். வாசலில் நாற்பது மோட்டார் சைக்கிள். ஆளுக்கொரு பில்டர் கையில். முன்னால் நின்றவர் கணக்கு வாத்தியார்.

"அம்மா, அந்த ஆளு போலி. உங்ககிட்டதான் உண்மையான சக்தி இருக்கு. இதை ஒரு தடவை கையால தொட்டுக் குடுத்துடுங்க."

கூரியர்க்காரி தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே போய், தன் வண்டி வாங்கியபோது கம்பெனிக்காரன் கொடுத்த சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள்.

"சார், கழுவிப் போடுற பில்டர் நல்ல பில்டர்தான். நல்லதா பார்த்து வாங்கணும். ஒவ்வொரு தடவையும் கழுவணும், வெளிச்சத்துல பிடிச்சுக் கிழிசல் இருக்கான்னு பார்க்கணும். பில்டர் மறுபடி உபயோகப்படும், ஆயில் உபயோகப்படாது, அதை மாத்தியே ஆகணும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருதரம்னு இதுல அச்சடிச்சிருக்கு. உங்க எல்லார் வீட்டுலயும் இதே புத்தகம் இருக்கு."

வாத்தியார் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் எட்டித் தொட்டு ஒற்றிக்கொண்டார்கள்.

"இதைத் தலைமாட்டுல வச்சுப் படுக்கணுமாம்மா? எத்தனை நாளைக்கு?"

"தலைமாட்டுல இல்ல சார்!" என்று தெருவே கேட்கக் கத்தினாள் கூரியர்க்காரி. "தலைக்குள்ள! பிரிச்சுப் படிங்க!"

வாத்தியார் தம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நாமும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பதற்கு மந்திரம் வேண்டாம், மாதாமாதம் ஊத வேண்டாம், எத்தனை முறை உபயோகித்தாலும் தேயாது. கொண்டுபோய் அடுத்தவன் காலடியில் வைத்தால்தான் துருப்பிடிக்கும்.